மாமாவோட ரெண்டாவது டிரெய்லர்!

ராத்திரி பத்து மணி. தை மாசப் பனி. பைக்ல வர்றீங்க. உங்களுக்கு முன்னாடி ஒரு கரும்பு டிராக்டர் மெயின் ரோட்டிலிருந்து கிராமத்து ரோட்டுக்கு ரைட் எடுக்குது. இன்ஜின் போயாச்சு. பின்னாடி கரும்பு டிரெய்லரும் போயாச்சு. ரோடு காலி. நீங்க என்ன பண்ணுவீங்க?

ஆக்ஸிலேட்டரை முறுக்குவீங்க. நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன். ஆனா அந்த ராத்திரி நான் பைக்ல இல்ல. டிராக்டர் மட்காடு மேல, எங்க மாமா பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அதனால, பின்னாடி இன்னொரு டிரெய்லர் வருதுன்னு எனக்குத் தெரியும். பைக்ல வந்த பையனுக்குத் தெரியாது.

இது நடந்தது 2024 ஜனவரி. நான் அப்போ ஃபர்ஸ்ட் இயர். பொங்கல் லீவுக்கு ஆலங்காயம் பக்கத்துல இருக்கிற மாமா ஊருக்குப் போயிருந்தேன். 'இன்ஜினீயரிங் படிக்கிற, டிராக்டர் ஓட்டத் தெரியாதா?'ன்னு அத்தை கிண்டல் பண்ண, ரோஷத்துல மாமாகூட லோடு ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

நம்ம பக்கத்தைத் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஆம்பூர், வாணியம்பாடின்னா எல்லாருக்கும் ஷூவும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். (சட்டம் படிக்கிறவங்களுக்கு மட்டும் 1996-ல் தோல் கழிவு வழக்குல சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு ஞாபகம் வரும்!) ஆனா ஹைவேயை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே போனீங்கன்னா கரும்பு. கேத்தாண்டப்பட்டியில் திருப்பத்தூர் கூட்டுறவு சர்க்கரை ஆலை, அந்தப் பக்கம் திருவலம் கிட்ட வேலூர் கூட்டுறவு ஆலைன்னு நம்ம ஜில்லா பசங்க எல்லாருக்கும் ஒரு சொந்தக்காரராவது கரும்பு போட்டிருப்பாங்க, இல்லன்னா கரும்பு ஏத்துவாங்க. எங்க மாமா ரெண்டாவது ரகம். சொந்தக் கரும்பு ஒரு ஏக்கர். மீதி எல்லாம் கூலிக்கு ஏத்துறது.

கரும்புக்கு ஒரு குணம் உண்டு. வெட்டிட்டா காத்திருக்காது. வெட்டின கரும்பு காயக் காய எடை குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். அதனால வெட்டு ஆர்டர் வந்த அன்னிக்கு எல்லாரும் ஓடணும். ஆள் கிடைக்கணும், வண்டி கிடைக்கணும், எடைமேடையில் வரிசை நகரணும். ஒரு நடைக்கு ஒரு டிரெய்லர்னா டீசல் காசுகூட சரியா மிஞ்சாது. ரெண்டு மாட்டினா அதே டிரைவர், அதே இன்ஜின், கொஞ்சம் கூடுதல் டீசல், டபுள் கூலி. கணக்கு அவ்வளவுதான்! மகாராஷ்டிராவில் கோலாப்பூர், சாங்லி பக்கம் போனீங்கன்னா சீசன்ல இந்த ரெட்டை டிரெய்லர்தான் ரோட்டு ராஜா.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம். முதல் டிரெய்லர் ரோட்டைத் தாண்டுச்சு. ரெண்டு டிரெய்லருக்கும் நடுவுல ஒரு இரும்புக் கம்பி, ஒரு பின். அவ்வளவுதான். அது இருட்டில் சுத்தமா தெரியாது. ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்த பையன் அந்த இடைவெளியை ரோடுன்னு நினைச்சுட்டான். கடைசி செகண்ட்ல பார்த்து பிரேக் அடிச்சு, வண்டி சறுக்கி, ரெண்டாவது டிரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்துல விழுந்தான். பின்னாடி ஒரு லைட் இல்ல, ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்ல. டிராக்டர் சத்தத்துல எங்களுக்கு எதுவும் கேட்கல. எதிரே வந்த பால் வண்டிக்காரர் கத்தினதும்தான் மாமா நிறுத்தினார்.

இடது கால் எலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சிருந்தது. 108 வர்ற வரைக்கும் அவன் தலையை என் மடியில் வெச்சிருந்தேன். என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவன். 'அண்ணா, நடுவுல ஒண்ணுமே தெரியலண்ணா'ன்னு என்னைப் பார்த்து அண்ணான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். இன்னிக்கும் அது காதுல இருக்கு.

அப்புறம் நம்ம ஊர்ல என்ன நடக்குமோ அது நடந்தது. பெரியவங்க உட்கார்ந்து பேசினாங்க. அத்தை நகை அடகுக்குப் போச்சு. அறுபதாயிரம் கைமாறியது. காலுக்கு பிளேட் வெச்ச செலவுக்கே அது சரியாப் போச்சு. போலீஸ், கேஸ் எதுவும் இல்ல. 'நல்லபடியா முடிஞ்சுது'ன்னு எல்லாரும் டீ குடிச்சுட்டுக் கலைஞ்சாங்க. நானும் காலேஜுக்கு வந்துட்டேன்.

நாலு மாசம் கழிச்சு, செமஸ்டர் லீவுல, அமெரிக்காவில் இருக்கிற சீனியர் ஒருத்தர் ஒரு போட்டோ அனுப்பினார். ஒரு பெரிய பிக்கப் வண்டி. அதுக்குப் பின்னாடி வீடு மாதிரி ஒரு கேரவன். அதுக்கும் பின்னாடி ஒரு படகு! ஃபேமிலியோட டூர் போறாங்களாம். 'இது இந்த ஸ்டேட்ல ஓகே, பக்கத்து ஸ்டேட்டுக்குள்ளே நுழைஞ்சா ஃபைன் போடுவான்'னு எழுதியிருந்தார். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். டெக்ஸாஸ் மாதிரி மாநிலங்கள்ல நீளத்துக்கு ஒரு அளவு வெச்சு ரெண்டு இழுக்க விடுறாங்க. கலிபோர்னியாவில் அதுக்குத் தனி லைசென்ஸ் கேட்கிறாங்க. ஃபுளோரிடா, நியூயார்க் பக்கம் கூடவே கூடாதுங்கிறாங்க. ஆஸ்திரேலியா வேற லெவல். வடக்குப் பிரதேசத்தில் 50 மீட்டருக்கு மேல நீளமான 'ரோடு டிரெயின்' ஓடுது. பாலைவனத்து ரோட்டில் ஒரே லாரி மூணு, நாலு டிரெய்லரை இழுத்துக்கிட்டுப் போகும்.

போட்டோவைப் பார்த்ததும் மத்தவங்களுக்கு டூர் ஆசை வந்திருக்கும். எனக்கு மாமாவோட ரெண்டாவது டிரெய்லர்தான் ஞாபகம் வந்தது. நம்ம ஊர்ல இதுக்கு என்ன சட்டம்? முதல்முறையா மோட்டார் வாகனச் சட்டத்தை உட்கார்ந்து படிச்சேன். (எங்க யூனிவர்சிட்டி பேப்பருக்குக்கூட அப்படிப் படிச்சதில்ல!)

1988-ம் வருஷத்துச் சட்டம். அதுல டிராக்டருக்கு ஒரு விளக்கம் இருக்கு: தானே பாரம் சுமக்கிறதுக்காகச் செய்யப்படாத வண்டி. இழுக்கிறதுதான் அதோட வேலை. டிரெய்லருக்கும் ஒரு விளக்கம் இருக்கு. இங்கேதான் எனக்கு முதல் ஷாக்! சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதுக்கு இன்ஜின் இல்லாம இருக்கலாம். ஆனா அதையும் ரிஜிஸ்டர் பண்ணணும், அதுக்கும் இன்ஷூரன்ஸ் வேணும். 61-ம் பிரிவு இன்னும் சுவாரஸ்யம். டிரெய்லரோட சொந்த நம்பர் அதோட பக்கவாட்டில் இருக்கணும். இழுக்கிற வண்டியோட நம்பர் டிரெய்லர்ல இருக்கணும். ஒண்ணுக்கு மேல இழுத்தா, வரிசையில் கடைசி டிரெய்லர்ல இருக்கணும். அதாவது ஒண்ணுக்கு மேல இழுப்பாங்கன்னு சட்டம் எழுதினவங்களுக்கே தெரிஞ்சிருக்கு! 'கடைசியில் வர்றது யாரோடதுன்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்'னுதான் அவங்க கேட்கிறாங்க.

நீளம்? மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 93-ம் விதி. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து வர்ற வண்டிக்கு ரொம்ப காலமா சொல்லியிருக்கிற அளவு 18 மீட்டர். டேப் எடுத்துக்கிட்டு மாமா வீட்டுக்குப் போனேன். டிராக்டர் மூக்கிலிருந்து கடைசி டிரெய்லர் கதவு வரைக்கும் பதினஞ்சரை மீட்டர். நீளத்துல பாஸ்! மத்த எல்லாத்துலயும் ஃபெயில். ஏன்னா ரெண்டாவது டிரெய்லர் ஒரு வெல்டிங் பட்டறையில் செஞ்சது. மாமா அதை யார்கிட்டயோ செகண்ட் ஹேண்டா வாங்கினது. ஆர்.சி. கிடையாது. நம்பர் கிடையாது. இன்ஷூரன்ஸ் எப்படி இருக்கும்? கரும்பு பக்கத்துல ஒரு முழம், பின்னாடி ரெண்டு முழம் நீட்டிக்கிட்டு இருக்கும். 2019-ல் திருத்தின சட்டத்துல 194-ம் பிரிவுப்படி, அப்படி வெளியே நீட்டிக்கிட்டு லோடு ஏத்தினா இருபதாயிரம் ரூபாய் அபராதம். அப்புறம், மட்காடு மேல உட்கார்ந்திருந்த ஐயா யாரு? நான்தான். டிராக்டர்ல டிரைவருக்கு மட்டும்தான் சீட். நான் விழுந்திருந்தா என் கதையும் கந்தல்தான்.

மாமாவுக்கு சாதகமா ஒரே ஒரு விஷயம் கிடைச்சுது. அவர் லைசென்ஸ். டிராக்டர் லைசென்ஸ் வெச்சிருக்கிறவர் டிரெய்லரை மாட்டினதால லைசென்ஸ் இல்லாதவர் ஆகிட மாட்டார்னு 2001-லயே சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்குல சொல்லியிருக்கு. இலகு ரக லைசென்ஸே போதுமாங்கிற பெரிய சண்டையும், அஞ்சு நீதிபதிகள் பெஞ்ச் 2024 நவம்பர்ல கொடுத்த தீர்ப்போட டிரைவர்கள் பக்கமே முடிஞ்சுது. ஆக, ஓட்டினது தப்பில்ல. இழுத்துக்கிட்டு வந்ததுலதான் வம்பு.

இப்போ நம்ம டிபார்ட்மென்ட். மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் பேனா எடுங்க. டிராக்டர் 2 டன். கரும்போட சேர்த்து ஒரு டிரெய்லர் 5 டன்னுனு வெச்சுக்குவோம் (நிஜத்துல அதுக்கு மேலேயே இருக்கும்). டிரெய்லருக்கு பிரேக் கிடையாது. நிறுத்துறது முழுக்க டிராக்டர் டயர்தான். டயருக்கும் ரோட்டுக்கும் உராய்வு 0.6-ன்னு தாராளமா போடுங்க. மணிக்கு 25 கிலோமீட்டர்ல வந்தா, ஒரு டிரெய்லரோட சுமார் 14 மீட்டர்ல நிக்கும். ரெண்டு டிரெய்லரோட சுமார் 25 மீட்டர். டிரைவர் பார்த்து, கால் பிரேக்குக்குப் போற ஒரு செகண்ட்ல இன்னொரு 7 மீட்டர். இது சமதளக் கணக்கு. இறக்கத்துல போட்டுப் பாருங்க, வயித்தைக் கலக்கும். பின்னாடி இருக்கிற பத்து டன் முன்னாடி இருக்கிற ரெண்டு டன்னைத் தள்ளும். ரோடு ஈரமா இருந்து, டிராக்டர் கொஞ்சம் கோணலா நின்னா, டிரெய்லர் தள்ளி மடிச்சுப் போட்டுடும். திரும்பும்போது வேற பிரச்சினை. முதல் டிரெய்லர் டிராக்டரைவிட உள்ளே வெட்டும். ரெண்டாவது அதைவிட உள்ளே வெட்டும். திருப்பத்துல ஓரமா நிக்கிற சைக்கிள்காரர் 'வண்டி போயிடுச்சு'ன்னு நினைச்சு ஒரு அடி முன்னாடி வெச்சா, அவ்வளவுதான்.

ஆனா ரெண்டு டிரெய்லர்னாலே பாவம்னு நான் சொல்ல வரல. 2020-ல் நம்ம நாட்டு விதிகள்லயே 25.25 மீட்டர் வரைக்கும் 'ரோடு டிரெயின்' ஓடலாம்னு சேர்த்துட்டாங்க. 2025-ல் நாக்பூர்ல அப்படி ஒரு வண்டியைக் கொடியசைச்சு அனுப்பினாங்க. அதுல எல்லா டிரெய்லருக்கும் பிரேக் இருக்கு, லைட் இருக்கு, ஓடுறதுக்குன்னு குறிப்பிட்ட ரூட் இருக்கு. மாமாவோட ரெண்டாவது டிரெய்லர்ல இருந்தது ஒரு பின்னு, ஒரு சங்கிலி, மேலே ஒரு எலுமிச்சம்பழம்.

இதெல்லாம் படிச்ச வரைக்கும் எனக்கு ஒரு மாதிரி ஜாலியாத்தான் இருந்தது. மாமாகிட்ட போய் சீன் போடலாம் பாருங்க! அப்போதான் 164-ம் பிரிவு கண்ணுல பட்டுது.

2022 ஏப்ரல்ல அமலுக்கு வந்த பிரிவு. ரோட்டு விபத்துல உயிர் போனா 5 லட்சம், படுகாயம்னா இரண்டரை லட்சம். யார் தப்புன்னு நிரூபிக்கவே வேணாம். வண்டிக்காரரோ இன்ஷூரன்ஸ் கம்பெனியோ கொடுக்கணும். எலும்பு முறிவும் படுகாயம்தான். நாங்க கொடுத்தது அறுபதாயிரம். அதையும் 'பெரிய மனசு பண்ணி' கொடுத்த மாதிரி பேசிட்டு வந்திருக்கோம். இன்ஷூரன்ஸ் இல்லாத டிரெய்லர். அப்போ அந்தப் பணம் யார் கையிலிருந்து வரணும்? கேஸ் போடறதுக்குச் சட்டத்துல ஆறு மாசம்னு போட்டிருந்தது. நாலு முடிஞ்சிருந்தது.

நீங்களே சொல்லுங்க, நான் இதை யார்கிட்ட முதல்ல சொல்லணும்? மாமாகிட்டயா, அவன்கிட்டயா?

மூணு நாள் தூங்கல. மாமாதான் எனக்கு ஃபர்ஸ்ட் இயர் ஃபீஸுல பாதியைக் கட்டினவர். அந்தக் காசு எதுலேர்ந்து வந்ததுன்னு தனியா சொல்லணுமா? அதே ரெண்டாவது டிரெய்லர்லேர்ந்துதான்.

கடைசியில மாமாகிட்ட போனேன். திண்ணையில உட்கார்ந்து டயருக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு இருந்தார். சொன்னேன். கை நிக்கல, ஒட்டுப் போட்டுக்கிட்டே கேட்டார்.

"இன்னாடா, சட்டம் பேச வந்துட்டியா? ஊர்ல எத்தினி பேரு ரெண்டு மாட்டிக்கினு போறான். அவனுங்க வூட்டுக்கெல்லாம் போய் இதைச் சொல்லுவியா?"

"அவங்க வண்டில யாரும் விழல மாமா."

"அவன் வேகமா வந்தான்டா."

"லைட் இல்ல மாமா. நான் பின்னாடி போய்ப் பார்த்தேன்."

அதுக்கு மேல அவர் பேசல. அத்தைதான் உள்ளேயிருந்து வந்து, "பையன் சொல்றது சரிதான, அந்தப் புள்ள இன்னும் நொண்டிக்கினு இருக்குது"ன்னாங்க. மாமா எழுந்து தோட்டத்துக்குப் போயிட்டார். ரெண்டு நாள் என்கூடப் பேசவே இல்ல. நான் மூணாவது நாள் பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிட்டேன். சொல்லும்போது நாக்கு வறண்டு போச்சு. சொந்த மாமாவைப் போட்டுக் கொடுக்கிற மாதிரியும் இருந்தது, சொல்லாம வந்திருந்தா அதைவிடக் கேவலமாவும் இருந்திருக்கும்.

அவன் சிரிச்சான். "தெரியும்ணா. கம்பெனில வக்கீல் ஒருத்தர் சொன்னாரு. கேஸ் போட்டா உங்க மாமா டிராக்டரை வித்துதானே தரணும்? வித்துட்டாருன்னா அப்புறம் யார் தருவாங்க?" என்கிட்டே பதில் இல்ல. அஞ்சு மாசமா வேலைக்குப் போக முடியாத வீடு அது. அவங்க அம்மா வீட்டிலேயே ஷூ அப்பர் தைச்சுக்கிட்டு இருந்தாங்க, ஜோடிக் கணக்குல கூலி. எனக்கு டீ கொடுத்தாங்க. குடிக்க முடியல.

மறுவாரம் மாமாவே அங்கே போயிருக்கார். எனக்குச் சொல்லல, அத்தை சொல்லித்தான் தெரியும். மீதி ஒரு லட்சத்து தொண்ணூறாயிரத்தை மூணு அரவை சீசன்ல கொடுக்கிறதா பேப்பர்ல எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கார். கோர்ட்டுக்குப் போயிருந்தா இன்னும் கூடுதலா கிடைச்சிருக்கலாம். அதையும் நான் அவன்கிட்ட சொன்னேன். 'போதும்ணா'ன்னுட்டான். போதுமான்னு எனக்கு இன்னும் தெரியல.

இதுல காமெடி என்னன்னா, அந்தப் பணத்தைக் கொடுக்கணும்னா மாமா ரெண்டாவது டிரெய்லரை மாட்டியே ஆகணும்! ஒத்தை டிரெய்லர் கூலியில அது நடக்காது. பழைய டிரெய்லரை இரும்பு விலைக்குப் போட்டார். நவம்பர்ல ஆர்.சி. உள்ள வேற ஒண்ணு வாங்கினார். இன்ஷூரன்ஸ் போட்டாச்சு. அதோட பக்கவாட்டுல அதோட நம்பர், பின்னாடி டிராக்டர் நம்பர். 'டிஎன் 83'ன்னு நானே பெயின்ட் அடிச்சேன், கொஞ்சம் கோணல்தான். பிரேக் மட்டும் இன்னும் இல்ல. பட்டறையில் விலை கேட்டுட்டு மாமா திரும்பி வந்துட்டார். இறக்கத்துல செகண்ட் கியர்னு ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கோம். மட்காடு மேல யாரும் ஏறக் கூடாதுங்கிறது இன்னொரு ஒப்பந்தம். அதை மீறினது அத்தை, ஒரே ஒரு தடவை, கோயிலுக்கு.

டிசம்பர்லேர்ந்து வெயில் ஏறுற வரைக்கும் நம்ம பக்கத்து ரோட்டுல ராத்திரி பைக் ஓட்டுற பசங்களுக்கு ஒரு விஷயம். கரும்பு டிராக்டர் க்ராஸ் பண்ணினா, ஒரு டிரெய்லர் போனதும் வண்டியை எடுக்காதீங்க. ஹெட்லைட்டைக் கொஞ்சம் கீழே அடிச்சு, அந்த டிரெய்லருக்குப் பின்னாடி கம்பி ஏதாவது நீட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க. சந்தேகமா இருந்தா அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. ஓவர்டேக் பண்றதா இருந்தா, ஒரு பஸ்ஸைவிட நீளமான ஒண்ணைத் தாண்டப் போறோம்னு நினைச்சுக்கிட்டுத் தாண்டுங்க.

அந்த சீசன் முதல் லோடு ஏத்தின ராத்திரி, ரெண்டு டிரெய்லருக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினேன். பின்னாடி சிவப்பு, பக்கத்துல மஞ்சள், நடுவுல இருக்கிற இழுவைக் கம்பியைச் சுத்தி வெள்ளை. எவ்வளவு தூரத்துலேர்ந்து தெரியுதுன்னு பார்க்கணும். ஒரு பைக் வேணும். யாரைக் கூப்பிடலாம்னு யோசிச்சப்போ மாமாதான் போன் போட்டார்.

அவன் வந்தான். காலை லேசா இழுத்துக்கிட்டுத்தான் நடந்தான். ஆனா வண்டி ஓட்டுறான். நூறடி பின்னாடி போய் பைக்கை நிறுத்தி, டிம் அடிச்சான், பிரைட் அடிச்சான். மாமா டிராக்டர் மேல உட்கார்ந்து திரும்பிப் பார்த்துக்கிட்டே இருந்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

அப்புறம் இருட்டுலேர்ந்து அவன் குரல் மட்டும் வந்தது.

"அண்ணா, கடைசி டிரெய்லர்ல இன்னும் கீழே ஒட்டுண்ணா! கரும்பு தொங்குது, மறைக்குது!"